ஆடுகளமும் முதலுதவியும்

முன்னுரை

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துரைத்த திருவள்ளுவர், நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு அமையாமல், அருகிருந்து உதவுபவரையும் ஒரு கூறாகச் சேர்த்துள்ளார். ‘உழைச்செல்வான்’ என்பது அவருக்கு வள்ளுவர் சூட்டிய பெயர். மருத்துவமனையில் இவர் நான்காமவராக எண்ணப்படலாம். ஆடுகளத்திலோ இவரே முதலாமவர். ஓடிக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் திடீரெனச் சாய்கின்றபோது அங்கே மருத்துவர் இரார், மருந்தும் இராது. அருகில் இருப்பவர் பயிற்சியாளர் ஒருவரே. பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராகவும், கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராகவும், சிற்றூர்களில் கபடிக் குழுவை நடத்தும் அண்ணனாகவும் விளங்கும் அவர், அடுத்த சில நிமிடங்களில் செய்வனவும் செய்யாது விடுவனவுமே அவ்விளைஞனின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன.

அத்தகைய பயிற்சியாளர்க்கு முதலுதவிப் பயிற்சி எதனால் இன்றியமையாதது, அப்பயிற்சியில் எவை இடம்பெற வேண்டும் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலுதவி - ஒரு வரலாற்றுக் குறிப்பு

முதலுதவி என்னும் கலை போர்க்களத்தில் பிறந்தது எனலாம். 1859ஆம் ஆண்டு இத்தாலியின் சோல்ஃபெரினோ என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில், காயமுற்ற பல்லாயிரவர் கவனிப்பாரின்றிக் கிடந்த காட்சி ஹென்றி டூனாண்ட் என்பாரின் உள்ளத்தை உலுக்கியது. அதன் பயனாக 1863இல் செஞ்சிலுவை இயக்கம் தோன்றியது. மருத்துவர் அல்லாத பொதுமக்களுக்கும் முதலுதவியை முறையாகக் கற்பிக்கும் நோக்குடன் 1877இல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் நிறுவப்பட்டது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம் 1920இல் உருவாயிற்று. நின்றுபோன இதயத்தை, மார்பைப் பிளக்காமல், வெளியிலிருந்து கைகளால் அழுத்தியே இயக்கலாம் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் 1960இல் உலகிற்கு அறிவித்தனர். அன்றுமுதல் உயிர்காக்கும் ஆற்றல் பயிற்சி பெற்ற எவருடைய இரு கைகளுக்கும் உரியதாயிற்று.

பயிற்சியாளரின் இரட்டைப் பொறுப்பு

பேருந்து நிலையத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் உதவ வருபவர்க்கு அவரைக் காப்பது ஒன்றே நோக்கம். பயிற்சியாளரின் நிலை அவ்வளவு எளிதன்று. தன் அணி வெல்ல வேண்டும் என்று விரும்புபவரும் அவரே. அடிபட்ட ஆட்டக்காரனை வெளியே அமர்த்த வேண்டியவரும் அவரே. அவன் அணியின் சிறந்த ஆட்டக்காரனாகவும், ஆட்டம் இறுதிக் கட்டத்தில் இருப்பதாகவும் அமைந்துவிட்டால் இவ்விரு பொறுப்புகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அவனோ “ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்” என்றே சொல்வான். இடம் பறிபோய்விடும் என்ற அச்சமும், தோழர்கள் கோழை என்பார்களோ என்ற நாணமும் இளைஞரைப் பொய் சொல்ல வைக்கும்.

ஆகவே பயிற்சியாளர்க்குரிய முதலுதவிப் பயிற்சி கட்டுப்போடும் திறனோடு முடிந்துவிடுவதன்று. “நீ ஆட வேண்டா, உட்கார்” என்று சொல்வதற்கான அறிவையும் துணிவையும் அது தரவேண்டும். இஃது எவ்வளவு முக்கியமானது என்பதைத் தலைக்காயம் பற்றிய செய்திகள் தெளிவாக்கும்.

தலைக்காயம்: நடந்து வந்தவர் நலமுற்றவர் அல்லர்

இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லாம்பா, 1998ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் டாக்காவில் நடைபெற்ற கழக ஆட்டமொன்றில், மட்டையாளருக்கு மிக அருகே தலைக்கவசமின்றி நின்று களம் காத்தார். வேகமாக அடிக்கப்பெற்ற பந்து அவர் தலையில் தாக்கியது. அவர் எழுந்தார், நடந்தே களத்தைவிட்டு வெளியேறினார். சிறிது நேரத்தில் நிலைமை மோசமாயிற்று. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும், பிப்ரவரி 23ஆம் நாள் உயிர் நீத்தார். மண்டையோட்டினுள் கசியும் இரத்தம் மூளையை அழுத்தச் சில வேளைகளில் நிமிடங்களும், சில வேளைகளில் மணிக்கணக்கும் ஆகும். அந்த இடைவேளையில் அடிபட்டவர் பேசுவார், நடப்பார், சிரிக்கவும் செய்வார். நடந்து வந்ததைக் கொண்டே நலமாக இருக்கிறார் என்று முடிவு செய்தல் கூடாது.

மற்றொரு நிகழ்ச்சி 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. பதின்மூன்று வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டான். சற்று ஓய்வுக்குப்பின் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்கினான். ஆட்டம் முடிந்ததும் மயங்கிச் சரிந்தான். மூளையில் அறுவைச் சிகிச்சை செய்து உயிர் காக்கப்பட்டதெனினும், மீண்டும் பேசவும் நடக்கவும் அவன் நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று. அவன் பெயரால் 2009இல் அம்மாநிலத்தில் ‘லிஸ்டெட் சட்டம்’ இயற்றப்பட்டது. மூளை அதிர்ச்சி ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயம் தோன்றிய உடனே இளம் ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும். தகுதியுடைய மருத்துவப் பணியாளரின் எழுத்து வடிவ ஒப்புதலின்றி மீண்டும் ஆடவிடுதல் கூடாது. பயிற்சியாளர்கள் இதுபற்றிய அறிவு பெற்றிருக்க வேண்டும் என்பன அதன் உட்கூறுகள். 2014ஆம் ஆண்டிற்குள் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றிவிட்டன.

இச்சட்டத்தின் நுட்பம் ஈண்டுக் கருதத்தக்கது. ஆட்டத்தின் வேகத்தில் பயிற்சியாளர் எடுக்கவேண்டிய கடினமான முடிவை, அச்சட்டம் ஆட்டத்திற்கு முன்பே எடுத்துவைத்துவிடுகிறது. பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றமும் 2019இல் மூளை அதிர்ச்சி அடைந்த ஆட்டக்காரருக்குப் பதிலாக, மட்டையடிக்கவும் பந்து வீசவும் உரிமையுள்ள மாற்று ஆட்டக்காரரைச் சேர்க்க இசைவளித்தது. அடிபட்டவரை வெளியேற்றினால் அணி குறைபடும் என்ற தயக்கத்தை இவ்விதி போக்கிவிட்டது. நம் பள்ளி, கல்லூரிப் போட்டிகளை நடத்துவோரும் இதனைப் பின்பற்றலாம்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பார்வை மங்கல், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், எந்த அணியோடு ஆடுகிறோம் என்பதை மறத்தல் ஆகியன மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள். நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்பதில்லை. பெரும்பாலோர்க்கு நினைவு தப்புவதே இல்லை. இவற்றுள் ஒன்று காணப்படினும் அன்று ஆட்டம் இல்லை. தலைவலி கூடிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, மிகுதியான உறக்கக் கலக்கம், வலிப்பு, கைகால் தளர்ச்சி, காது மூக்கு வழியே நீர்போன்ற கசிவு ஆகியவை தோன்றின் ஒரு நொடியும் தாழ்த்தாது மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். அடிபட்டவரைத் தனியே வீட்டிற்கு அனுப்புவது பெருந்தவறு.

இதயம் நின்றால்

2021ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் டென்மார்க்கும் பின்லாந்தும் மோதிய ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில், எவரும் மோதாமலே கிறிஸ்டியன் எரிக்சன் தரையில் சாய்ந்தார். அவரது இதயம் நின்றுவிட்டது. மருத்துவக் குழுவினர் களத்திலேயே மார்பை அழுத்தி, மின்னதிர்வுக் கருவியால் இதயத்தை மீண்டும் துடிக்கச் செய்தனர். மறு ஆண்டே அவர், உடலுக்குள் பொருத்தப்பட்ட இதயக் கருவியுடன் ஆடுகளத்திற்குத் திரும்பினார். உலகக் கோப்பையிலும் ஆடினார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த திடலில் அவரைக் காத்தது, சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட எளிய செயல்களே.

நம் ஊர்த் திடல்களில் மருத்துவக் குழு காத்திருப்பதில்லை. எனவே பயிற்சியாளர் அறியவேண்டுவன வருமாறு:

மோதலின்றிச் சரிந்து, அழைத்தும் அசையாமல் கிடக்கும் விளையாட்டு வீரரின் இதயம் நின்றுவிட்டது என்றே முதலில் கொள்ளுதல் வேண்டும். விக்கலெடுப்பதுபோல் இடைவிட்டு இழுக்கும் மூச்சைச் சுவாசம் என்று மயங்குதல் கூடாது. உடனே ஒருவரை 108ஐ அழைக்கச் செய்து, தாம் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறு கையை அதன்மேல் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, வளர்ந்தவர்க்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் செல்லுமாறு அழுத்த வேண்டும். சிறுவர்க்கு மார்பின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் போதும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விடவேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து மூச்சளிக்கலாம். அறியாதவர் அழுத்துவதை மட்டும் தொடர்ந்தாலும் பயனுண்டு. இரண்டு நிமிடத்திற்கொருமுறை ஆள் மாறிக்கொள்ளுதல் நலம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தலாகாது.

மின்னதிர்வு தரப்படாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. தானியங்கி மின்னதிர்வுக் கருவி தானே பேசி வழிகாட்டுவது. இதயத்தைத் தானே ஆராய்ந்து, தேவையெனில் மட்டுமே அதிர்வு தருவது. பெருந்திடல்களையுடைய நிறுவனங்கள் இதனை வாங்கி வைத்தல் ஏற்புடையது.

ஓடும்போது மயங்கி விழுதல், உழைப்பின்போது நெஞ்சுவலி, குடும்பத்தில் இளவயதில் எவரேனும் திடீரென இறந்திருத்தல் ஆகியன முன்னெச்சரிக்கைகள். இவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அம்மாணவர் களம் இறங்கலாகாது.

வெயிலும் பயிற்சியும்

தமிழ்நாட்டில் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் ஏப்ரல், மே மாதங்களில் நிகழ்கின்றன. பள்ளி விடுமுறையும் கத்திரி வெயிலும் ஒன்றாக வரும் காலம் அது. உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து, அறிவு தடுமாறும் நிலையே வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருக்கும் என்று பலர் கருதுவர். ஓடியாடும் இளைஞர்க்கு வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போதே வெப்பத் தாக்கு நேரலாம். தள்ளாடும் நடை, பொருளற்ற பேச்சு, காரணமற்ற சினம் ஆகியவையே நம்பத்தக்க அறிகுறிகள். அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் 2001ஆம் ஆண்டு பயிற்சி முகாமில் வெப்பத் தாக்கினால் 27 வயதில் இறந்தார். உடல் வலிமை இதற்குக் கேடயமன்று என்பதற்கு அவரே சான்று.

இங்கு விதி ஒன்றே: முதலில் குளிர்வித்தல், பிறகு கொண்டு செல்லுதல். 108ஐ அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொணர்ந்து, பனிக்கட்டி கலந்த நீர்த்தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தித் தலையைத் தாங்கிப் பிடிப்பது சிறந்தது. தொட்டி இல்லையெனில் குழாய் நீரை உடல் முழுதும் இடைவிடாது ஊற்றி, ஈரத்துணி போர்த்தி விசிறவேண்டும். அரை மணி நேரத்திற்குள் வெப்பம் தணிந்தால் பெரும்பாலோர் பிழைப்பர். வருமுன் காப்பதற்கு, உடல் வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் தந்து, பயிற்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டுதலும், காலை மாலை வேளைகளில் மட்டுமே கடும்பயிற்சி தருதலும், நீரருந்த இடைவேளை விடுதலும் வேண்டும். தண்ணீர் கேட்பவனைத் தண்டிக்கும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருப்பின் அஃது ஒழியட்டும்.

எலும்பும் மூட்டும்

கபடியில் பாடி வருபவரின் காலைக் கவ்விப் பிடிக்கையில் கணுக்காலும் முழங்காலும் திருகிக்கொள்வது இயல்பு. சுளுக்கு எனில் ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், அளவான அழுத்தக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியன முதல் நாளில் வலியையும் வீக்கத்தையும் தணிக்கும். ஒத்தடம் ஒருமுறைக்கு 15, 20 நிமிடத்தைக் கடத்தல் கூடாது.

ஆயின் இளையோர்க்கென ஒரு தனித்தன்மை உண்டு. வளரும் பருவத்தினரின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டு, அருகிலுள்ள தசைநாரைவிட வலிமை குறைந்தது. பெரியவர்க்குச் சுளுக்காக முடியும் அதே திருகல், சிறுவனுக்கு வளர்ச்சித் தட்டின் முறிவாக முடியக்கூடும். அதனைச் சுளுக்கென்று கருதி எண்ணெய் தடவி நீவினால் எலும்பின் வளர்ச்சியே குன்றிவிடலாம். ஆகவே காலை ஊன்ற இயலாத, எலும்பின்மேல் தொட்டால் வலிக்கிற சிறுவர்க்கு நீவுதல் வேண்டா; எக்ஸ்ரே வேண்டும். முறிவெனத் தோன்றினால் இழுத்து நேராக்காமல், உள்ளவாறே, மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி சிம்பு வைத்துக் கட்டி அனுப்புதல் வேண்டும். வலியை மரத்துப்போகச் செய்யும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு உடனே ஆட அனுப்புவது முதலுதவி ஆகாது. உடல் தரும் எச்சரிக்கையின் வாயை மூடுவதே ஆகும்.

செய்யத் தகாதன

அன்பினால் செய்யப்படும் தீங்குகளும் உண்டு. அவற்றை நீக்குதலும் பயிற்சியின் ஒரு பகுதியே.

1. நினைவிழந்தவர்க்குச் சோடாவோ தண்ணீரோ புகட்டுதல் கூடாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மூச்சிருப்பின் ஒருக்களித்துப் படுக்கவைத்தல் போதும்.

2. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டவரை நால்வர் கூடிக் கைகால்களைப் பற்றித் தூக்குதல் கூடாது. தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு, உதவி வரும்வரை அங்கேயே கிடத்துதல் வேண்டும்.

3. வலிப்பு கண்டவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதாலோ, வாயில் எதையேனும் செருகுவதாலோ பயனில்லை. சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துக் கிடத்துக. ஐந்து நிமிடத்தைக் கடந்தால் 108.

4. மூக்கில் இரத்தம் வடிந்தால் அண்ணாந்து பார்க்கச் செய்தல் தவறு. முன்பக்கம் குனிந்து, மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

5. நிலைப்பல் முழுதாக விழுந்துவிட்டால் எறிந்துவிடுதல் கூடாது. வேரைத் தொடாமல் எடுத்து, மெதுவாக அலசி, அதன் குழியிலேயே பொருத்துக. இயலாவிடில் பாலில் இட்டு, அரைமணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் செல்க. பால்பல்லாயின் மீண்டும் பொருத்தலாகாது.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்?

நூலைப் படித்து நீந்தக் கற்பவர் இலர், முதலுதவியும் அத்தகையதே. பொம்மையுருவின் மார்பை அழுத்திக் கைகள் பழகவேண்டும். கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குவதால், ஆண்டுக்கொருமுறையேனும் புதுப்பித்தல் தேவை. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் இத்தகைய பயிற்சிகளை அளிக்கின்றன.

பயிற்சியோடு ஏற்பாடும் வேண்டும். 108ஐ அழைப்பவர் யார், திடலின் எந்த வாயிலில் நின்று ஆம்புலன்சை வழிகாட்டுபவர் யார், அவ்வாயிலின் சாவி எவரிடம் உள்ளது, முதலுதவிப் பெட்டி எங்கே உள்ளது என்பனவற்றை ஒரே தாளில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும். 2008இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட 108 சேவை கட்டணமற்றது. எனினும் பூட்டிய வாயிலின் முன் அது நிற்க நேர்ந்தால் பயனென்ன? ஒவ்வொரு மாணவர்க்கும் ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, ஒவ்வாமை ஆகியன உண்டா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்து வைத்தலும் கடமையாகும். ஆஸ்துமா உள்ள மாணவரின் இன்ஹேலர் விடுதி அறையில் இருந்து பயனில்லை. களத்தின் ஓரத்தில் இருக்கவேண்டும்.

மாணவியர் அணிகளோடு செல்லும் ஆசிரியைக்கும், அணியின் மூத்த மாணவியர் இருவர்க்கேனும் இப்பயிற்சி தரப்படல் வேண்டும். தொட்டு உதவத் தயங்கும் தயக்கத்தால் ஓர் உயிர் போதல் தகாது. பயிற்சி பெற்ற பெண்கள் அருகில் இருந்தால் அத்தயக்கம் எழவே எழாது. அவர்கள் இல்லாதவிடத்து, உயிர் காக்கும் கடமைக்கே முதலிடம்.

முடிவுரை

கோப்பைகள் அலமாரியை அணி செய்யும். அவற்றை வென்று தந்த பிள்ளைகள் நலமாக வீடு திரும்புவதே நிறுவனத்திற்கும் ஊருக்கும் உண்மையான வெற்றி. பெற்றோர் தம் மகனை விளையாட்டிற்கு அனுப்பும்போது பயிற்சியாளரின் திறமையை மட்டும் நம்பி அனுப்புவதில்லை. அவன் விழுந்தால் தாங்குவார் என்று நம்பியே அனுப்புகின்றனர். அந்நம்பிக்கைக்குத் தகுதியாவது முதலுதவிப் பயிற்சியால் மட்டுமே இயலும்.

எனவே, முதலுதவிச் சான்றிதழ் பெறாத எவரும் மாணவர் அணியைக் களத்திற்கு அழைத்துச் செல்லலாகாது என்னும் விதியை நம் கல்வி நிறுவனங்கள் தாமே முன்வந்து வகுத்துக்கொள்ளட்டும். ஐயம் எழுந்தால் ஆட்டம் இல்லை என்பதை ஒவ்வொரு பயிற்சியாளரும், அவரை அடுத்து ஒவ்வொரு அணித்தலைவரும் நெஞ்சில் நிறுத்தட்டும். வெளியே அமர்த்தப்பட்ட இளைஞன் அன்று முகம் வாடலாம்; பெற்றோரும் பார்வையாளரும் கூட முணுமுணுக்கலாம். அப்போது ஊர்ப் பெரியவர்கள் பயிற்சியாளரின் பக்கம் நிற்கவேண்டும். ஓர் ஆட்டத்தை இழந்தவன் அடுத்த பருவத்தில் மீண்டும் ஆடுவான். அதற்கு அவன் உயிரோடும் நலத்தோடும் இருக்கவேண்டும்.